வலச்சுற்றில் ஓடவிட்ட நாள்

புதிதாகக் குதிரை ஏறப் பழகுகிறவர் ஓட்டத்துக்குத் தயாராகிவிட்டார் என்பதை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று கேட்டால், போன வருடம் வரை நான் காலாட்டிக்கொண்டே பதில் சொல்வேன். இப்போது அந்தக் கேள்வி வந்தாலே ஒருவருடைய வலது கை ஞாபகத்துக்கு வந்துவிடுகிறது. என்னால் உடைந்த கை.

சென்னையில் ஒரு குதிரைப் பயிற்சிக் கூடத்தில் ஆறு வருடம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பினேன். சங்கரன்கோவிலுக்கு வெளியே, பனவடலிசத்திரம் போகும் பக்கம் கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, இரண்டு குதிரைகளோடு பயிற்சியை ஆரம்பித்தேன். கிறுக்குப் பிடித்துவிட்டது என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். ஆட்கள் வரத் தொடங்கியதும் எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது.

வருகிறவர்களை முதலில் நடையில் பழக்குவோம். அடுத்தது துள்ளுநடை, ஆளைக் குலுக்கி எடுத்துவிடும். அது பிடிபட்ட பிறகுதான் கேண்டர் என்கிற ஓட்டம். அதற்கு எப்போது விடலாம் என்பதற்கு நானே ஒரு சோதனை வைத்திருந்தேன். துள்ளுநடையில் போகும்போது திருநெல்வேலி பஸ் போகிற வழியில் உள்ள ஊர்களை வரிசையாகச் சத்தம்போட்டுச் சொல்லச் சொல்வேன். பயத்தில் உடம்பு இறுகினால் மூச்சு இறுகும், குரல் உடைந்துவிடும். பனவடலியிலேயே திக்குகிறவர் இன்னும் இரண்டு வாரம் குலுங்க வேண்டியதுதான். தேவர்குளம், மானூர் என்று குரல் ஆடாமல் போய்விட்டால் தயார். இதைப் பெரிய கண்டுபிடிப்பு மாதிரி எல்லோரிடமும் அளந்துகொண்டிருந்தேன்.

அந்த அண்ணாச்சிக்கு வயது ஐம்பதுக்கு மேல். விசைத்தறிக் கூடத்தில் மேஸ்திரி. மகளைப் பயிற்சிக்குக் கொண்டுவந்து விட்டார். அந்தப் பெண் மூன்று வகுப்போடு வரமாட்டேன் என்றுவிட்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் மட்டும் வந்து நின்றார்.

"அவளுக்கு ஆசையில்ல தம்பி. ஆசை எனக்குத்தான் இருந்திருக்கு" என்றார்.

முப்பது வருடம் தறிச் சத்தத்துக்குள் நின்றவர். பக்கத்தில் இருப்பவரிடம்கூட ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்பவரிடம் பேசுவதுபோலத்தான் பேசுவார். நான் எதைச் சொன்னாலும் என் முகத்தையே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பார். நம் மேல் இவருக்கு எவ்வளவு மரியாதை என்று எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோகும்.

சோதனையில் முதல் நாளிலேயே மானூரைத் தாண்டிவிட்டார். குரலில் ஒரு நடுக்கமில்லை. எப்படி இருக்கும்? நூறு தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி உரமேறிய குரல் அது. உடம்பு என்ன பாடு பட்டாலும் அந்தக் குரல் ஆடாது. இது எனக்கு அன்று உறைக்கவில்லை. சேணத்தின் முன்பக்கத்தை அவர் விரல்கள் இறுகப் பிடித்திருந்ததைப் பார்த்தேன். பார்த்தும், என் சோதனையைத்தான் நம்பினேன்.

அதுவரை அவரை இடச்சுற்றில்தான் விட்டிருந்தேன். நான் நீளக் கயிற்றோடு நடுவில் நிற்பேன், குதிரை என்னைச் சுற்றி வரும், அவருடைய இடது பக்கம் என்னைப் பார்த்து இருக்கும். அந்தக் குதிரைக்கு ஓட்டம் வலச்சுற்றில்தான் மெத்தென்று வரும். முதல் ஓட்டம் அவருக்கு நல்லபடியாக அமையட்டுமே என்று அன்று வலப்பக்கமாகத் திருப்பினேன்.

முதல் சுற்று நன்றாகவே போனது. இரண்டாவதில் ஆள் முன்னால் சாய்ந்துவிட்டார். குதிகால்கள் குதிரையின் விலாவில் அழுந்தின. இன்னும் வேகமாகப் போகச் சொல்கிறார் என்று குதிரை எடுத்துக்கொண்டது. நிமிருங்கள், காலைத் தளர்த்துங்கள் என்று கத்தினேன். அவர் என் பக்கம் திரும்பிச் சிரித்தபடி தலையை ஆட்டினார். கால் மட்டும் தளரவில்லை. இன்னும் சத்தமாகக் கத்தினேன். அதற்கும் சிரிப்பு. சொல்வதைச் செய்யாமல் சிரிக்கிறாரே என்று எனக்குக் கோபம் தலைக்கேறியது. கயிற்றைச் சுருக்கிக் குதிரையை நிறுத்தியிருக்க வேண்டும். நான் கத்திக்கொண்டுதான் இருந்தேன். மூன்றாவது சுற்றில் உள்பக்கமாகச் சரிந்து, வலது கையை ஊன்றி விழுந்தார். மணிக்கட்டு கோணிக்கொண்டு நின்றது.

ஆஸ்பத்திரிக்குப் போகிற ஆட்டோவில்தான் சொன்னார். வலது காது போய்ப் பல வருடமாகிறதாம். இடது காதும் அரைகுறைதானாம். தறிக்கூடத்தில் யாருக்கும் எதுவும் கேட்காது, உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்வார்களாம். வலச்சுற்றில் என் பக்கம் இருந்தது அந்த வலது காதுதான். ஓடுகிற குதிரை மேலிருந்து என் உதடும் அவருக்குப் பிடிபடவில்லை.

"சொன்னா நீங்க ஏத்த மாட்டிய. அதாம் தம்பி சொல்லல" என்றார். வலியிலும் என்னைத் தேற்றுகிற மாதிரிதான் பேசினார். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

அறுந்த இழையை முடிவதும் ஸ்பேனர் பிடிப்பதும் அந்தக் கைதான். கட்டுப் போட்டிருந்த நாட்களில் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். சரியாகிவிடும் என்று அவரும் சொன்னார், நானும் சொன்னேன். கட்டுப் பிரித்த மறு வாரம் வேலைக்குப் போய்விட்டார் என்று தெரிந்து, தறிக்கூடத்துக்கே போனேன்.

உள்ளே நுழைந்ததும் சத்தம் நெஞ்சில் இடித்தது. தறிகளுக்கு நடுவில் நின்றிருந்தவர் என்னைப் பார்த்ததும் பக்கத்தில் வந்தார். வாயசைத்து ஏதோ சொன்னார். எனக்கு ஒரு எழுத்துகூடப் புரியவில்லை. மறுபடியும் நிதானமாகச் சொன்னார். நலமாக இருக்கிறேன் என்றுதான் சொல்லியிருப்பார் என்று நினைத்து, சிரித்துத் தலையை ஆட்டினேன்.

அவர் என்னையே பார்த்தார். பிறகு தோளைத் தொட்டு வெளியே கூட்டிவந்தார். தெருவில் சத்தம் கொஞ்சம் அடங்கியதும் வலது கையை நீட்டி மடக்கிக் காட்டினார். மூன்று விரல்கள் மடங்கின. சுண்டுவிரலும் மோதிரவிரலும் அப்படியே நின்றன.

"இந்த ரெண்டும் இனிமே மடங்காதாம், டாக்டர் சொல்லிட்டாருன்னு சொன்னேன் தம்பி. நீங்க சிரிக்கிய" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

குதிரை மேலிருந்து அவர் என்னைப் பார்த்துச் சிரித்ததும் இதே சிரிப்புதான். எனக்குக் கேட்கவில்லை அண்ணாச்சி என்று சொல்ல, அப்போதும் எனக்கு வாய் வரவில்லை.