எங்கள் கல்லூரியின் ஆகச் சிறந்த புல்பாக்

கபோச் சந்தைக்குள் முதன்முதலாகத் தமிழ்ச் சாமான் கடை போட்டவன் நான்தான். இத்தாலியில் இந்தப் பலெர்மோ நகரத்துக்கு வந்த புதிதில் மாடிப்படி கழுவினேன், மீன்பெட்டி சுமந்தேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் மிளகாய்த்தூள், புட்டுமா, கருவாடு எதுவென்றாலும் சனம் என் கடைக்குத்தான் வரவேண்டும். ஒருத்தரும் எனக்குக் கை கொடுத்துத் தூக்கிவிடவில்லை. படிப்பும் இல்லை. பத்தாம் வகுப்பைத் திரும்பத் திரும்பப் படித்தவன். கல்லூரி என்று நாங்கள் சொல்கிற எங்கள் பள்ளிக்கூடம் என்னைத் துரத்தாமல் வைத்திருந்தது என் வலது காலுக்காக.

அந்தக் காலத்து உதைபந்தாட்டத்தில் கோலுக்கு முன்னால் காவலுக்கு நிற்பது இரண்டே பேர். அவர்களைத்தான் புல்பாக் என்போம். எங்கள் அணியில் வலப்பக்கம் நான், இடப்பக்கம் அவன். கோலுக்குள் நின்றவனும் பிறகு பலெர்மோவுக்கு வந்து ஒரு மாடிக்கட்டிடத்துக்கு வாயில்காப்பாளனாக இருந்தான். இடப்பக்கத்தான் ஒரேத்தோ வீதியில் ஒரு கிழட்டு சிஞ்ஞோரை, அந்த வீட்டு ஐயாவை, பராமரித்தான். அவன் மனைவியும் மகளும் இடம்பெயர்ந்து வன்னியில் இருந்தார்கள். அவர்களை இங்கே எடுப்பதற்கு அவன் அலையாத அரசாங்கக் கந்தோர் இல்லை.

வீட்டுவேலைக்காரருக்கு வியாழன் பின்னேரமும் ஞாயிறும் ஓய்வு. வியாழனில் எங்கள் கல்லூரிப் பழைய மாணவர் எல்லாரும் என் கடையின் பின்னறையில் அரிசி மூட்டைகளின் மேல் ஏறியிருப்பார்கள். பேச்சு எங்கே தொடங்கினாலும் புல்பாக்கில் வந்துதான் நிற்கும். கல்லூரிச் சரித்திரத்திலேயே சிறந்தவன் யார்? எங்களுக்கு முந்திய காலத்தில் வெறுங்காலோடு விளையாடிய ஒருவரைச் சிலர் சொல்வார்கள். பந்து அவரைத் தாண்டினால் ஆள் தாண்டாது, ஆள் தாண்டினால் பந்து தாண்டாது என்பார்கள். நான் என்னைச் சொல்வேன். சொல்ல என்ன வெட்கம், பார்த்தவர்கள் இருக்கிறார்கள். இடப்பக்கத்தான் தன்னைச் சொல்வான். அவன் வாயைத் திறந்தால் போதும், கோல் காப்பாளன் மூட்டையை விட்டு இறங்கிவிடுவான்.

"தன்ர கோலுக்கையே அடிச்சவனை எந்தக் கணக்கிலயடா சேர்க்கிறது?"

பக்கத்துக் கல்லூரியோடு நடந்த இறுதியாட்டத்தில், மழைச் சேற்றில், இடப்பக்கத்தான் பந்தைப் பின்னுக்கு இந்தக் கோல் காப்பாளனிடம் தட்டினான். பந்து இவனைத் தாண்டி வலைக்குள் போனது. அந்த ஒரு கோலில் தோற்றோம்.

"நான் பார்த்துத்தான் தந்தனான். நீ ஆரின்ர தங்கச்சியைப் பார்த்துக்கொண்டு நிண்டனீ?" என்பான் இடப்பக்கத்தான்.

வருடக்கணக்காக இதே சண்டை. தேத்தண்ணி ஆறும், சிகரெட் புகையில் கண் எரியும், ஒருவனும் ஒரு சாண் விட்டுக்கொடுக்கமாட்டான். விட்டுக்கொடுக்காமல் இருப்பதற்கென்றே அந்த வியாழன்கள் இருந்தன என்று நினைக்கிறேன். மற்ற நாளெல்லாம் வீட்டுக்காரி சிஞ்ஞோரா சொல்வதற்குத் தலையாட்டுகிறவர்கள்தானே நாங்கள்.

பிறகு இடப்பக்கத்தானுக்கு வயிற்றுநோ வந்தது. சாப்பாடு இறங்கவில்லை. ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தார்கள். எங்கள் ஆட்களுக்குள் இத்தாலியன் நன்றாகக் கதைக்கிறவன் நான் என்பதால் தமையன் என்று சொல்லி நானே டொக்டரிடம் போனேன். அவர் என்னை அறைக்கு வெளியே நடை ஓடைக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னார். வெட்டித் திறந்து பார்த்துவிட்டு அப்படியே மூடித் தைத்தார்களாம். இனிச் செய்வதற்கு ஒன்றும் இல்லையாம். இத்தாலியிலும் எங்கள் வழக்கம்தான்: வருத்தக்காரனுக்குச் சொல்வதில்லை, சொந்தக்காரருக்குத்தான் சொல்வார்கள்.

அவனிடம் அல்சர் என்றேன். நம்பினான். மனைவியும் மகளும் வருவதற்குள் உடம்பைத் தேற்றவேண்டும் என்று, ஓங்காளித்தாலும் விடாமல் கரண்டி கரண்டியாகச் சூப்பை விழுங்கினான். அந்த நினைப்பில்தான் அவன் உயிர் தங்கியிருந்தது. அதனால் கடைக்கு வந்த எல்லாரிடமும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன், முகத்தில் ஒன்றையும் காட்டக்கூடாது, வழக்கம்போல் கதைக்கவேண்டும் என்று. நான் சொன்னால் ஒருத்தரும் தட்டமாட்டார்கள்.

அடுத்த வியாழன் எல்லாருமாகப் போனோம். சியாகுல்லி மந்தரின் தோடம்பழம் ஒரு பை கொண்டுபோனேன். கன்ன எலும்புகள் தள்ளிக்கொண்டு நிற்க, தலையணையில் சாய்ந்திருந்தான். எங்களைக் கண்டதும் கண்ணில் ஒரு வெளிச்சம். அவனே தொடங்கினான்.

"சொல்லுங்கோ பாப்பம். ஆர் திறமான புல்பாக்?"

வெறுங்கால்காரரின் கட்சியில் இருந்த ஒருவர் தொண்டையைச் செருமிவிட்டு, யோசித்துப் பார்த்தால் அவரைவிட நீதான் என்றார். இன்னொருவர் ஓம் ஓம் என்று தலையாட்டினார். அவன் சிரித்துக்கொண்டு கோல் காப்பாளனைப் பார்த்தான். அடிக்கு அடி கொடுக்கத் தயாராக முழங்கையை ஊன்றி எழும்பினான். கோல் காப்பாளன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"நீதான் மச்சான்," என்றான். "அந்தக் கோலும் என்ர பிழைதான். நான்தான் பாக்கேல்லை."

இடப்பக்கத்தானின் சிரிப்பு அப்படியே நின்றது. ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். எல்லாரும் மந்தரின் பையைப் பார்த்தார்கள். களைப்பாக இருக்கிறது, போயிட்டு வாங்கோ என்று எல்லாரையும் அனுப்பினான். என்னை மட்டும் இருக்கச் சொன்னான்.

"டொக்டர் என்ன சொன்னவர்?"

"அல்சர் எண்டு சொன்னனான்தானே."

"அல்சருக்கோ இவன் விட்டுத்தந்தவன்?"

இத்தாலியன் பொலிசையே வாயால் மடக்கிவிட்டு வந்தவன் நான்.  அன்றைக்கு எனக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினேன். அவங்களுக்கு விசர், நீ எங்கையடா திறம், உன்ர பக்கத்தாலை வந்த பந்தெல்லாத்தையும் மறிச்சது நான், நீ இடது காலை ஊண்டத் தெரியாதவன் என்று, பக்கத்துக் கட்டில் கிழவன் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் குரலை உயர்த்தினேன். திருப்பி ஒன்று சொல்வான், சொல்லியே ஆகவேண்டும் என்று நினைத்தேன்.

"ஓம் மச்சான்," என்றான் மெதுவாக. "நீதான் திறம்."

பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்தான். "மனுசிக்கு வரச்சொல்லி இனிச் சொல்லாதை. வந்து இஞ்சை ஆரோடை இருப்பாள்?"

நான் மந்தரின் ஒன்றை உரித்து, நரம்பெல்லாம் எடுத்து, சுளையாக அவன் பக்கத்தில் வைத்தேன். தாதி வந்து விளக்கைப் போடும்வரை அது அப்படியே காய்ந்துகொண்டிருந்தது.

அடுத்த வியாழன் பின்னறைக்கு ஒருவரும் வரவில்லை. கோல் காப்பாளன் மட்டும் வந்து, கடைக்குள் ஏறாமல் சந்தைச் சனத்துக்குள் நின்றபடியே, அவன் ஏதும் சாப்பிட்டவனோ என்று கேட்டான். இல்லை என்றேன்.