லொறி புறப்படும் நேரம்

வடக்கில் சண்டை உச்சத்தில் இருந்த காலம். நான் மாத்தளை டவுனில் ஒரு வாசனைத் திரவியக் கடையின் கந்தோரில் கம்பியூட்டர் கிளார்க். கடை என்றால் சில்லறைக் கடை இல்லை. இரத்தோட்டை, பல்லேபொலப் பக்கத்து மிளகு, கராம்பு, சாதிக்காய் எல்லாம் வாங்கி, காயவைத்து, புடைத்து, கொழும்பில் ஏற்றுமதி செய்கிறவருக்கு லொறியில் அனுப்புகிற மொத்த வியாபாரம். முதலாளி மக்கா போய் வந்த பெரியவர். ஹாஜியார் என்றுதான் கூப்பிடுவோம். நல்ல மனுஷன். ஆனால் ஒரு விஷயம் மண்டைக்குள் போய்விட்டால் யானை கட்டி இழுத்தாலும் வெளியே வராது.

அப்படிப் போன விஷயம்தான் டேட்டா வெயார்ஹவுஸ். மலேசியாவில் படித்த மருமகன் ஒருவர் ஓதிவிட்டுப் போயிருந்தார். வாங்கின கணக்கு ஒரு பக்கம், ஸ்டோர் கணக்கு ஒரு பக்கம், லொறிக் கணக்கு ஒரு பக்கம் என்று சிதறிக் கிடப்பதையெல்லாம் ஒரே களஞ்சியத்தில் சேர்த்துவிட்டால், கேட்ட கேள்விக்கெல்லாம் கம்பியூட்டர் பதில் சொல்லுமாம். அதைக் கட்டுவதற்கும் பராமரிப்பதற்கும் சென்னையிலிருந்து இன்டர்நெட்டில் பாடம் நடத்துகிறார்கள், நீங்கள் படியுங்கள் என்று ஹாஜியார் என் தலையில் கட்டினார்.

"ஏற்கனவே ரெண்டு ஸ்டோர் இருக்கே ஹாஜியார், இது எதுக்கு மூணாவது?" என்று கேட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"இதுல எலித் தொல்லை இல்ல மகள். படிங்க."

சரி, படித்தேன். கடை பூட்டும் நேரத்தில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்காருவேன். மழை பெய்தால் லைன் அறுந்துவிடும். மாத்தளையில் மழைக்குக் கேட்கவா வேண்டும்! சென்னை சார் ஒரு வாக்கியத்தைத் தொடங்குவார், நான் திரும்ப வந்து சேரும்போது வேறொரு பாடத்தின் நடுவில் நிற்பார். முதல் மாதம் முழுக்கத் திட்டிக்கொண்டேதான் படித்தேன். பிறகு, உண்மையைச் சொன்னால், பிடித்துப்போனது. களஞ்சியத்தில் கணக்கை அடுக்குவது இப்படி: நடுவில் ஒரு சம்பவம், ஒரு லோட் கொழும்புக்குப் போனது. சுற்றிவர அதைப் பற்றிய கேள்விகள்: என்ன சரக்கு, எந்த நாள், எந்த லொறி, யார் ஓட்டினார், எத்தனை மணிக்குப் புறப்பட்டது, எத்தனை மணிக்குச் சேர்ந்தது. இப்படி அடுக்கி வைத்தால் எந்தப் பக்கத்திலிருந்தும் வெட்டிப் பார்க்கலாம். என் வாழ்க்கையில் எதுவுமே இப்படி ஒழுங்காக அடுக்கி இருந்ததில்லை.

கடைசிப் பரீட்சைக்குப் பதிலாக, வேலை செய்கிற இடத்துக் கணக்கை வைத்தே ஒரு களஞ்சியம் கட்டி, அதிலிருந்து அறிக்கை எடுத்துக் காட்ட வேண்டும். அந்த நேரம் பார்த்துத்தான் கொழும்பு ஏற்றுமதிக்காரர் சண்டைக்கு வந்தார். காலையில் கப்பலுக்குப் போகவேண்டிய சரக்கு மத்தியானம் வருகிறது, இப்படியே போனால் வேறு ஆளிடம் வாங்குவேன் என்று டெலிபோனில் கத்தியிருக்கிறார்.

ஹாஜியார் என் மேசைக்கு வந்தார். 'சொல்' என்பது அவர் வாயில் 'செல்' என்றுதான் வரும். "கொழும்பாள் ஏசுறான் மகள். ரெண்டு டிரைவர்ல ஒத்தர நிப்பாட்டத்தான் வேணும். நான் செல்லப்போனா ஒருபக்கச் சார்புன்னு செல்லுவாங்க. உங்க கம்பியூட்டர் செல்லட்டும். யாரு கூட லேட்டோ, அவர் போகட்டும்."

பதில் என்ன வரும் என்று கம்பியூட்டரைக் கேட்காமலே எனக்குத் தெரியும்.

இரண்டு டிரைவர்களில் ஒருவர் பல்லேபொலச் சிங்களவர். மற்றவர் இரத்தோட்டைத் தோட்டத்துத் தமிழர், என்னைத் தங்கச்சி என்று கூப்பிடுகிற அண்ணன். பல்லேபொலக்காரர் லொறியை இராணுவச் செக்பாயின்டில் எட்டிப் பார்த்துவிட்டுப் போ என்று விடுவார்கள். அண்ணனுடைய அடையாள அட்டையைப் பார்த்ததும் ஓரங்கட்டச் சொல்வார்கள். மிளகு மூட்டை ஒவ்வொன்றையும் இறக்கச் சொல்லி, கம்பியால் குத்திப் பார்த்து, திரும்ப ஏற்றச் சொல்வார்கள். அடுத்த செக்பாயின்டில் மறுபடியும் அதே கூத்து. இதற்கு அவர் என்ன செய்வார், பாவம்! அவருக்கு மூன்று பிள்ளைகள். மனைவி கொழுந்து பறிக்கிறார். அந்த லொறிதான் குடும்பத்துக்குச் சோறு.

கணக்கை ஏற்றினேன். எதிர்பார்த்தபடியே அண்ணன் பெயர் அடியில் வந்து நின்றது. பாடத்தின்போது சென்னை சாரிடம் சொன்னேன், இந்த ஆள் லேட் ஆவது அவர் தப்பில்லை என்று.

"டேட்டா பொய் சொல்லாதும்மா," என்றார்.

"பொய் சொல்லாது சார். ஆனா வாயத் தொறந்து உண்மையவும் சொல்ல மாட்டேங்குதே," என்றேன்.

அவர் கோபப்படவில்லை. காரணம் தெரிந்தால் அதற்கும் ஒரு கட்டம் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார். ஆஹா என்றிருந்தது. 'நிறுத்தி வைத்த நேரம்' என்று ஒரு புதுக் கட்டம் சேர்த்தேன். லொறி ஓடிய நேரம் வேறு, ஓரங்கட்டிய நேரம் வேறு என்று பிரித்துவிட்டால் அண்ணன் தப்பிவிடுவார். மறுநாள் அவரைக் கூப்பிட்டு, எந்தெந்த நாள் எங்கெங்கே நிறுத்தினார்கள் என்று நினைவிருக்கிற வரைக்கும் சொல்லுங்கள் என்றேன்.

அண்ணன் கதவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு ஸ்டூலை இழுத்து என் பக்கத்தில் போட்டார்.

"வேணாம் தங்கச்சி. அத எழுத்துல போடாதீங்க."

"போடாட்டி வேலை போயிரும்ணே!"

"போனா போகட்டும். நாளைக்கு எவனாவது வந்து இந்தப் பெட்டியத் தொறந்து பாப்பான். இவன இத்தன தடவ புடிச்சு வச்சிருக்காங்க, சும்மாவா புடிப்பாங்கன்னு கேப்பான். சோம்பேறின்னு எழுதுங்க. சோம்பேறிக்கு வேலைதான் போகும்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் கம்பியூட்டரைத் தூக்கி மிளகு முற்றத்தில் போட்டிருப்பேன். யார்மேல் கோபம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அண்ணன் சொன்னதில் ஒரு சொல்லும் தப்பில்லை. என் பெரியம்மா மகனை அப்படி ஒரு சந்தேகத்தில்தான் கண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள், ஒரு வருஷம் உள்ளே இருந்தான். புதுக் கட்டத்தை அண்ணன் கண்ணெதிரிலேயே அழித்தேன்.

அன்று மத்தியானம் பல்லேபொலக்காரர் வந்தார். விஷயம் அவர் காதுக்கும் போயிருந்தது. "நங்கி, அவனை வெளிய போடவேணாம்," என்றார் அவருக்குத் தெரிந்த தமிழில். நங்கி என்றால் சிங்களத்தில் தங்கச்சி. "நான் சும்மா ஓட்டிப் போறது. அவன் ஒவ்வொரு எடமும் மூட்டை தூக்குறது. அவன்தானே கூட வேலை செய்றது?" சொல்லிவிட்டு, இதை நான் சொன்னதாக யாரிடமும் சொல்லாதே என்றும் சொன்னார். அந்தக் காலத்தில் நல்ல வார்த்தையைக்கூட ஒளித்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

அறிக்கையை ஹாஜியாருக்குக் காட்ட வேண்டிய நாள் வந்துவிட்டது. கடைசியாகச் சென்னை சாருடைய பாடம்தான் கைகொடுத்தது. ஒரு பக்கத்திலிருந்து வெட்டினால் பதில் சரியாக வராவிட்டால், வேறு பக்கத்திலிருந்து வெட்டிப் பார் என்பார். டிரைவர் என்ற கேள்வியையே எடுத்துவிட்டு, புறப்பட்ட நேரத்தை வைத்து வெட்டினேன். சாமத்துக்குப் பிறகு புறப்பட்ட லோடுகளில்தான் தாமதம். எப்போதாவது முந்தின நாள் சாயங்காலமே புறப்பட்ட லோடுகள், யார் ஓட்டியிருந்தாலும், கொழும்பில் கதவு திறக்குமுன் போய் நின்றிருந்தன.

அதை ஹாஜியாரிடம் காட்டினேன்.

"டிரைவர் கணக்கு எங்க மகள்?"

"தப்பு டிரைவர்ல இல்ல ஹாஜியார். பொறப்படுற நேரத்துலதான். சாயங்காலம் ஏழு மணிக்கு முந்தி லொறிய வெளியாக்குங்க. சரக்கு நேரத்துக்குப் போகும், யாரையும் நிப்பாட்டத் தேவல்ல."

அவர் அறிக்கையை மேலிருந்து கீழ்வரை விரல் வைத்துப் படித்தார். டிரைவர் கணக்கை நான் ஏன் எடுத்தேன் என்று அவருக்குத் தெரியாதா என்ன? மாத்தளையில் பிறந்து வளர்ந்த மனுஷன். "அல்ஹம்துலில்லாஹ்," என்றார். "கம்பியூட்டருக்கும் மனசு ஈக்கிது." அறிக்கையை மடித்து மேசை லாச்சிக்குள் வைத்துக்கொண்டார்.

சென்னையிலிருந்து எனக்குச் சான்றிதழ் வந்தது. அண்ணனுக்கு வேலை தப்பியது. கொழும்பாள் டெலிபோனில், "உங்க டிரைவர் திருந்திட்டான் போல" என்றானாம். திருந்திவிட்டாராம்! எனக்குச் சிரிப்பும் வந்தது, அந்த ஆளை நாலு அறை விடவேண்டும் போலவும் வந்தது. அண்ணன் சாயங்காலம் புறப்படுவார். விடியவிடிய ஒவ்வொரு செக்பாயின்டாக மூட்டை இறக்கி ஏற்றுவார். காலையில் கொழும்பில் நேரத்துக்கு நிற்பார். சரக்கைக் கொடுத்துவிட்டு, அதே தூரம் திரும்பி ஓட்டி வருவார். என் அறிக்கையில் அவருடைய தாமதம் பூஜ்யம்.

ஒருநாள் பின்னேரம் திரும்பி வந்தவர் என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தார். டீ கொடுத்தேன். கண் இரண்டும் செக்கச்செவேலென்று இருந்தது.

"எம் பேரு இப்ப மேலயா, கீழயா தங்கச்சி?"

"மேலண்ணே. மொதலாவது."

"நல்லதாப் போச்சு. வீட்டுலதான் சின்னவ என்னையப் பாத்து, யாரும்மா இந்த மாமான்னு இன்னும் கேக்கல. அதுதான் பாக்கி." சிரித்துக்கொண்டே சொன்னார். டீ ஆறுமுன் நாற்காலியிலேயே தலை சரிந்து தூங்கிப்போனார்.

ஹாஜியார் உள்ளே வந்தார், பார்த்தார். தராசடியில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார். மின்விசிறியைத் தானே அண்ணன் பக்கம் திருப்பிவிட்டார். கொழும்புக்கு அவசரமாகக் கராம்பு கேட்டிருந்தார்கள். பல்லேபொலக்காரர் வேறு லோடோடு போயிருந்தார். முற்றத்தில் மூட்டை ஏற்றி முடித்துத் தார்ப்பாய் கட்டிவிட்டார்கள்.

மணி ஏழை நெருங்கியது. ஹாஜியார் இரண்டு தடவை அண்ணன் கிட்டப் போய், இரண்டு தடவையும் திரும்பி வந்தார். "எனக்கு ஏலாது மகள்," என்றார்.

ஏழு மணி என்று சொன்னவள் நான். நானே போய் அண்ணன் தோளைத் தொட்டு எழுப்பினேன்.