பதினோராம் பக்கத்தில் இருந்த விடுதலை

சாவி அக்காவுக்கு அந்தப் பெயரை வைத்தது ஒரு பெண்கள் விடுதி. மூன்றாம் மாடியில் ஓர் அறைக் கதவு, உள்ளே யாரும் இல்லாமலேயே பூட்டிக்கொண்டுவிட்டது. முன்பின் தெரியாத ஆணை மாடிக்கு அனுப்ப வார்டனுக்கு மனமில்லை. பக்கத்துத் தெரு ஹார்டுவேர் கடையில் சாவி வெட்டும் மெஷினில் நின்றிருந்த பெண்ணை அழைத்து வந்தார்கள். நாலே நிமிஷத்தில் கதவைத் திறந்தவர், திறந்த கையோடு வார்டனிடம் சொன்னார்:

"மேடம், நானே நாலு நிமிஷத்துல திறந்துட்டேன்னா இது பூட்டே இல்ல. மாத்திடுங்க."

அடுத்த வாரம் முப்பது அறைகளுக்கும் புதுப் பூட்டு போட்டது அவர்தான். விடுதிப் பெண்கள் படிப்பு முடிந்து, வேலைக்குப் போய், தனி வீடு எடுத்தபோதெல்லாம் "சாவி அக்காவக் கூப்பிடு" என்றார்கள். அக்கா கடை வேலையை விட்டார். பஸ் டிரைவரான கணவர் ஒரு லீவு நாளில் உட்கார்ந்து, அவருடைய பெயரையும் போன் நம்பரையும் இணைய வரைபடத்தில் ஏற்றிக் கொடுத்தார். அங்கிருந்துதான் தொழில் சூடு பிடித்தது. வேலை முடிந்தவர்கள் ஐந்து நட்சத்திரம் போட்டு, ஆளுக்கு இரண்டு வரி எழுதினார்கள். துளை போட்ட தூசியைத் தானே பெருக்கினார் என்று ஒருத்தி. மாற்றுச் சாவி எத்தனை வெட்டினேன் என்று எண்ணிக் கையில் கொடுத்தார் என்று இன்னொருத்தி. முகம் தெரியாதவர்களின் அந்த இரண்டு வரிகளை நம்பி, முகம் தெரியாத இன்னும் பலர் அவரை வீட்டுக்குள் விட்டார்கள்.

ஒன்பது வருஷம் இப்படி ஓடியது. பிறகு ஒரு வாரத்தில் மூன்று பேர் வர வேண்டாம் என்றார்கள். முதல் இருவரும் காரணம் சொல்லவில்லை. மூன்றாமவர் ஒரு பள்ளிக்கூட டீச்சர், பழைய வாடிக்கையாளர். அவருக்குப் பொய் சொல்ல வரவில்லை.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. எங்க அப்பார்ட்மென்ட் குரூப்ல ஒருத்தர் உங்க பேரைப் போட்டுத் தேடியிருக்காரு. அதுல என்னமோ வருது. எனக்கு நம்பிக்கை இல்ல, ஆனா வீட்ல பயப்படறாங்க."

அக்கா தன் பெயரைத் தானே தேடிப் பார்த்தது வாழ்க்கையில் அன்றுதான் முதல் தடவை. அது அபூர்வமான பெயர், அப்பா எங்கோ படித்துவிட்டு வைத்தது. தேடினால் வேறு யாரும் குறுக்கே வர மாட்டார்கள். திரையின் உச்சியில் மூன்று வரிகள் வந்தன. "...குற்றம் சாட்டப்பட்ட இரண்டாம் நபர் பூட்டுத் தொழில் தெரிந்தவர். கள்ளச்சாவி செய்து கொடுத்து நகைத் திருட்டுக்கு உடந்தையாக இருந்ததாக..." அதற்குக் கீழேதான் ஐந்து நட்சத்திரங்கள்.

அது பதினாலு வருஷத்துக்கு முந்தைய சங்கதி. ஹார்டுவேர் கடைக்கு ஒருவன் வந்து ஒரு சாவியை நீட்டி, இதேபோல் இன்னொன்று வேண்டும் என்றான். அக்கா வெட்டிக் கொடுத்தார். ஒரு நாளில் அறுபது சாவி வெட்டுகிற கடை அது. அந்தச் சாவி அவனுடைய மாமா வீட்டுச் சாவி. மறுவாரம் மாமா வீட்டில் நகையைக் காணோம், பூட்டு உடையவில்லை. போலீஸ் அவனையும் பிடித்தது, சாவி வெட்டியவரையும் பிடித்தது. அக்கா பத்தொன்பது நாள் உள்ளே இருந்தார். வழக்கு மூன்று வருஷம் நடந்தது. கடைசியில் அவனுக்குத் தண்டனை, அக்காவுக்கு விடுதலை. கடைக்காரர் நல்ல மனுஷர். மெஷினை வேறு யாரிடமும் கொடுக்காமல் வைத்திருந்தார். அக்கா தீர்ப்பின் நகலை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு பீரோவுக்குள் வைத்தார். விஷயம் அதோடு முடிந்தது என்றுதான் அவரும் நினைத்தார், கணவரும் நினைத்தார்.

இடையில் நீதிமன்றம் தன் பழைய தீர்ப்புகளையெல்லாம் ஸ்கேன் செய்து இணையத்தில் போட்டிருந்தது. நல்ல எண்ணத்தில் செய்ததுதான். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், நகலுக்காக வரிசையில் நிற்க வேண்டாம். அதை ஒரு தனியார் இணையதளம் அள்ளிக்கொண்டுபோய், பெயரை அடித்தால் தீர்ப்பு வரும்படி செய்து வைத்தது. தீர்ப்பு பதினோரு பக்கம். குற்றச்சாட்டு முதல் பக்கத்தில். விடுதலை என்ற சொல் பதினோராம் பக்கத்தில், நீதிபதியின் கையெழுத்துக்கு இரண்டு வரி மேலே. தேடுகிறவர் கண்ணில் படுவது முதல் மூன்று வரிதான்.

கணவர் அந்த இணையதளத்துக்கு மின்னஞ்சல் எழுதினார். நாங்கள் பொது ஆவணங்களை அப்படியே வெளியிடுகிறோம், நன்றி என்று ஒரு நிமிஷத்துக்குள் பதில் வந்தது.

"இவ்ளோ வேகமா ஒரு ஆளு படிச்சிருக்கவே முடியாது" என்றார் கணவர்.

அக்கா நீதிமன்றத்தின் பதிவறைக்குப் போனார். இரும்பு அலமாரிகளுக்கு நடுவே ஸ்கேனர் வைத்திருந்த குமாஸ்தா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"மேடம், உங்க கஷ்டம் புரியுது. ஆனா பேரை எடுன்னு எந்தச் சட்டத்துலயும் எழுதல. எடுக்காதேன்னும் எழுதல. இந்தச் சட்டத்தை எழுதினப்போ தீர்ப்பு இந்த அலமாரிலதான் இருந்துச்சு, யாரும் வந்து தேடல. ஒரு உத்தரவு கொண்டுவாங்க, நானே எடுத்துடறேன்."

உத்தரவு வாங்க மனு போட வேண்டும். இலவசச் சட்ட உதவி மையத்தில் ஒரு வக்கீலம்மா வழக்கை ஏற்றுக்கொண்டார். வேகமாகப் பேசுவார், அதைவிட வேகமாக நடப்பார். தீர்ப்பையே இணையத்திலிருந்து நீக்க வேண்டும் என்று மனு தயாரானது. கொடுத்த மூன்றாம் நாள் கணவர் வழக்கம்போல் அக்காவின் பெயரைப் போட்டுப் பார்த்தார். அதற்குள் அது அவருக்கு ஒரு வியாதி ஆகியிருந்தது. பார்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தார்.

"என்னங்க?"

"ஒண்ணு இருந்தது ரெண்டாயிடுச்சு."

விசாரணைக்கு வரும் மனுக்களின் பட்டியலை நீதிமன்றக் கம்ப்யூட்டர் தினமும் தானாகவே இணையத்தில் ஏற்றும். அதில் அக்காவின் முழுப் பெயரும், எதிரே "குற்ற வழக்கில் பெயரை மறைக்கக் கோரும் மனு" என்ற குறிப்பும். பழைய தீர்ப்புக்கும் மேலே இப்போது அதுதான் வந்தது. அக்கா சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு நிற்கவில்லை. கணவருக்கு முதலில் கோபம், பிறகு பயம், கடைசியில் அவரும் சிரித்தார். சிரித்து முடித்ததும் அக்கா முகத்தைக் கழுவிக்கொண்டு, எங்கும் போக வேண்டியதில்லாத நாளில், கருவிப் பெட்டியை எடுத்து ஒவ்வொன்றாகத் துடைத்து வைத்தார்.

வேலை பாதிக்கும் கீழே இறங்கியது. பழைய விடுதிப் பெண்கள் சிலர் விடாமல் கூப்பிட்டார்கள். இல்லாத ரிப்பேருக்கெல்லாம் கூப்பிடுகிறார்கள் என்று அக்காவுக்குத் தெரிந்தது. போனார். நன்றாக இருக்கிற பூட்டுக்கு எண்ணெய் விட்டுவிட்டு வந்தார். அந்த நாட்களில்தான் அவருக்கு அதிகம் வலித்தது.

எட்டு மாதம் வாய்தாவிலேயே போனது. எதிர்த்தரப்பில் இணையதளத்தின் வக்கீல், நரைத்த தலை, நிதானமான குரல். விசாரணை நாளில் அவர் சொன்னது இது:

"இன்னிக்கு இந்தம்மாவுக்காக ஒரு தீர்ப்பை நீக்கினா, நாளைக்குப் பெரிய பதவியில இருக்கறவங்க வரிசையா வந்து நிப்பாங்க. கோர்ட்டுல என்ன நடந்ததுன்னு ஜனங்க தெரிஞ்சுக்கறதுக்குத்தான் கதவைத் திறந்தே வெச்சிருக்கோம். அதை மூடச் சொல்றாங்க."

பின் வரிசையில் இருந்த அக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்த ஆள் சொல்வது நியாயமாகத்தான் பட்டது. தன் கதையைக் கேட்டு நீதிபதி விடுதலை எழுதிய அன்றும் அந்த அறைக் கதவு திறந்துதான் இருந்தது, வேலைக்காரர்கள் நாலு பேரோடு கடைக்காரர் வந்து உட்கார்ந்திருந்தார்.

"மனுதாரர் ஏதாவது சொல்லணுமா?" என்று நீதிபதி கேட்டார். வழக்கமாகக் கேட்கிற கேள்விதான். வக்கீலம்மா இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அக்கா எழுந்துவிட்டார்.

"ஐயா, தீர்ப்பை எடுத்துடாதீங்க."

வக்கீலம்மா திரும்பிப் பார்த்த பார்வையில் பூட்டு உருகியிருக்கும்.

"எடுக்கச் சொல்லித்தானேம்மா மனு போட்டிருக்கீங்க?" என்றார் நீதிபதி.

"ஆமாங்க ஐயா. இப்ப அவர் பேசறதைக் கேட்டதும்தான் தோணுது. போலீஸ் என்னைக் கூட்டிட்டுப் போனதத் தெருவே பாத்துச்சு. நான் தப்பு பண்ணலைன்னு எழுதியிருக்கறது அந்தத் தீர்ப்பு ஒண்ணுலதான். அதுவும் இல்லாம போச்சுன்னா நான் எதைக் காட்டுவேன்?"

"அப்ப உங்களுக்கு என்னதான் வேணும்?"

"பதினோராம் பக்கத்துல இருக்கறதக் கொண்டுவந்து முதல் வரியில போடச் சொல்லுங்க. அப்புறம், கேஸ் நம்பரைத் தேடறவங்களுக்கு அது வரட்டும். கோர்ட்டுக்கு வந்து கேக்கறவங்களுக்குப் பேரோடயே குடுங்க. ஒரு பூட்டை மாத்தறதுக்கு என் பேரைத் தேடறவங்களுக்கு மட்டும் வர வேண்டாம்."

நீதிபதி கொஞ்ச நேரம் எழுதினார். பிறகு நரைத்த வக்கீலைப் பார்த்து, இது உங்கள் தளத்தில் முடியுமா என்று கேட்டார். கேட்டுச் சொல்கிறேன் என்றார் அவர். இரண்டு வாரம் கழித்து வந்து, முடியும், எங்கள் என்ஜினியர் அரை நாள் வேலை என்கிறார் என்றார்.

"அரை நாள் வேலைக்கா எட்டு மாசம் வாய்தா வாங்கினீங்க?" என்றார் நீதிபதி.

உத்தரவு வந்தது. விடுதலையானவர்களின் வழக்கில், இணையத்தில் இருக்கும் தீர்ப்பின் உச்சியிலேயே முடிவைப் போட வேண்டும். அவர்கள் பெயருக்குப் பதிலாக ஓர் எழுத்து. பதிவறையில் இருக்கும் தாளில் பெயர் அப்படியே இருக்கும். இப்படிப்பட்ட மனுக்களைப் பட்டியலில் எண்ணால் மட்டுமே குறிக்க வேண்டும். பதிவறைக் குமாஸ்தா சொன்ன சொல் தவறவில்லை, அன்று மாலைக்குள் முடித்துவிட்டு அவரே போன் செய்தார். தனியார் தளம் செய்துமுடிக்க மேலும் இரண்டு மாதம் ஆனது. வக்கீலம்மாவின் கோபம் அதைவிடச் சீக்கிரம் தணிந்தது. "அடுத்த தடவை முன்னாடியே சொல்லிடுங்கக்கா, நானும் அதையே வாதாடறேன்" என்றார்.

எல்லாம் சரியாகிவிடவில்லை. அந்த அப்பார்ட்மென்ட் குரூப்பில் முன்பு ஒருவர் தேடிய திரையைப் பிடித்துப் போட்ட படம் இன்னும் நாலைந்து குரூப்புகளில் சுற்றிக்கொண்டிருந்தது. அதற்கு எந்த உத்தரவும் எட்டாது. ஒரு குடியிருப்பின் செயலாளர் கேட்டிலேயே அக்காவை நிறுத்தினார். முடிவு உச்சியில் வந்திருக்கும் தீர்ப்புப் பக்கத்தை அக்கா போனில் திறந்து காட்டினார். அவர் கண்ணாடி போட்டுப் படித்தார்.

"நான் படிச்சிட்டேன்மா. இங்க இருக்கற தொண்ணூறு வீட்டுக்கும் யாரு படிச்சுக் காட்டறது?" என்றார்.

அந்தக் கேட்டைத் தாண்டி அக்கா அதற்குப் பிறகு போனதில்லை. டீச்சர் மட்டும் திரும்பக் கூப்பிட்டார், பால்கனிக் கதவுக்கு.

உத்தரவு எண்ணைத் தெரிந்துகொண்டு, பதிவறையில் பெயரைக் கேட்டு வாங்கி, அக்காவைத் தேடி ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஒரு ஸ்கூல் வேன் டிரைவர், ஒரு நர்ஸ், வாடகைக்கு வீடு கிடைக்காத ஓர் அண்ணன் தம்பி. எல்லோரையும் சட்ட உதவி மையத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் விட்டார். ஒரு நாள் பளபளப்பான செருப்போடு ஒருவர் வந்து, தனக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்றார்.

"கடைசிப் பக்கத்துல விடுதலைன்னு இருக்கா சார்?"

"அப்படி இல்ல. ஆனா அதெல்லாம் பழைய விஷயம்..."

"அப்ப இது உங்களுக்கு ஆகாது சார்" என்று அக்கா எழுந்து கதவைத் திறந்துவிட்டார். அவர் போன பிறகு, தண்டனையை அனுபவித்து முடித்தவனும் எங்காவது வேலைக்குப் போய்த்தானே ஆக வேண்டும் என்ற யோசனை வந்தது. வக்கீலம்மாவிடம் கேட்டார், அவர் அதை ஒரு தாளில் குறித்துக்கொண்டார்.

இந்த வருஷம் வேலை மறுபடி பெருகியதால் அக்கா தொழிலில் ஒரு கூட்டாளியைச் சேர்த்துக்கொண்டார், தொழிற்சாலையில் லேத் ஓட்டிய பெண், ஏறக்குறைய அவர் வயதுதான். சேர்ப்பதற்கு முன் கணவர் கேட்டார்:

"பேரைப் போட்டுப் பாத்தியா?"

"பாத்தேன்" என்றார் அக்கா. சொல்லும்போது அவருக்கு வெட்கமாக இருந்தது. "ஒண்ணும் வரல. அப்புறம் அவளையே கூப்பிட்டு உக்கார வெச்சு, உன்னப் பத்தி நீயே சொல்லுன்னேன். ரெண்டு மணி நேரம் சொன்னா."

இப்போது ஆளுக்கு ஒரு திசையில் போகிறார்கள். போன வாரம் ஒரு புது மருத்துவமனைக் கட்டிடத்தின் நூற்று இருபது கதவுகளுக்குப் பூட்டுப் போட இருவரும் சேர்ந்து போனார்கள். பாதி முடிந்திருக்கிறது.