காற்றுக்கும் ஒரு கோயில் பேர்

அடியார்களுக்கு வணக்கம். திருவேட்டக்குடி கடற்கரையிலிருந்து எழுதுகிறேன். எனக்கு நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்கிறேன்.

1981 ஐப்பசியில் கட்டுமரம் கவிழ்ந்து என் வலது தோள் இறங்கிவிட்டது. "இனிமே வலை இழுக்காதீங்க" என்றார் டாக்டர். அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. கடலை விட்டால் வேறு தொழில் தெரியாது. என் மனைவி செல்லம்மா மீன் கூடையைத் தலையில் வைத்து வரிச்சிக்குடி வரை நடந்து விற்றாள். நான் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டேன். 

கோட்டுச்சேரிப் பக்கம் ஐஸ் பேக்டரி வைத்திருந்த ஒருவர், "பத்தாவது பாஸ் பண்ணிட்டு வாங்க, ஸ்டோர் வேலை இருக்கு" என்றார். நான் ஒன்பதோடு நின்றவன். தனித்தேர்வராக விண்ணப்பம் போட்டேன். கரையில் கிழிந்த வலை பொத்துகிறவர்களுக்குக் கொண்டாட்டம். "என்னண்ணே, கலெக்டர் ஆனப்பறம் எங்களுக்கும் ஒரு வணக்கம் வைப்பீங்களா?" என்பார்கள். நானும் சேர்ந்து சிரித்துவைப்பேன்.

மற்ற தாள்கள் தேறின. வரலாறு-புவியியல் மட்டும் இரண்டு முறை நின்றது. காரணம் பருவக்காற்று. தென்மேற்கு, வடகிழக்கு இரண்டையும் மாற்றி மாற்றி எழுதினேன். இரண்டாம் முறை பதற்றத்தில், கச்சான், வாடை என்று எங்கள் கரைப் பேச்சிலேயே எழுதிவிட்டேன். திருத்துகிறவர் என்ன செய்வார்? "இந்தத் தடவையும் போச்சுன்னா வேற ஆள் போட்டுடுவேன்" என்றார் ஐஸ் பேக்டரி முதலாளி. செல்லம்மாவுக்கு முழங்கால் வீங்கியிருந்தது.

1984 மாசிமகம் வந்தது. அம்பாள் எங்கள் குலத்தில் பிறந்தாள், சிவன் மீனவராக வந்து கட்டிக்கொண்டார் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. அதனால் கடலாட வரும் சாமியை மாப்பிள்ளை என்றுதான் வரவேற்போம். கூட்டத்தில் நின்று கேட்டேன்: "மாப்பிள்ளை, பொண்ணு வீட்டு ஆளு கேக்கறேன். இந்த ஒரு தாளைத் தாண்டிவிடுங்க."

"மெதுவாச் சொல்லுங்க, மானம் போவுது" என்று செல்லம்மா கிள்ளினாள்.

அப்போது குருக்கள், "திருமேனியழகர்" என்று சாமியின் கோயில் பேரைச் சொல்லி தீபாராதனை காட்டினார். என் பின்னால் ஒருத்தி, "மாப்பிள்ளை வந்துட்டாருடி!" என்று கத்தினாள். சாமி ஒருத்தர்தான். கோயிலில் ஒரு பேர், கரையில் ஒரு பேர். காற்றும் அப்படித்தானே? எனக்குத் தெரிந்த காற்றுதான் புத்தகத்தில் வேறு பேரில் இருக்கிறது. அதுவரை இது தோன்றவே இல்லை. வீட்டுக்குத் திரும்பும் வழியிலேயே செல்லம்மாவிடம் இதைச் சொன்னேன்.

மறுநாள் மீன் கழுவிக்கொண்டே செல்லம்மா கேட்டாள்: "கச்சானுக்குக் கோயில் பேரு என்ன?"

"தென்மேற்குப் பருவக்காற்று."

"வாடைக்கு?"

"வடகிழக்கு."

"இதுக்கா ரெண்டு வருஷம்?"

பரீட்சையில் அந்தக் கேள்வி வந்தது. எந்த மாதம் எழும்பும், எப்போது மழை தரும் என்று பக்கம் நிறைய எழுதினேன்.  முப்பத்தாறு மார்க். முப்பத்தைந்து வாங்கினால் போதும். மிச்சம் அந்த ஒன்று யார் போட்டது என்று எனக்குத் தெரியும்.

வேலை கிடைத்தது. செல்லம்மாவின் கூடையில் இப்போது கோழி அடைகிறது. பரீட்சைக்கு உட்காரும் பெரியவர்கள் யாராவது வந்தால், நான் படித்த புத்தகத்தைக் கொடுத்து அனுப்புகிறேன்.

உங்களுக்கும் ஒரு கஷ்டம் இருக்கலாம். பெரிய வார்த்தை தேட வேண்டாம். வீட்டில் பேசுகிற மாதிரியே அவரிடம் கேளுங்கள். மாப்பிள்ளை முறுக்கிக்கொண்டாலும் மாமியார் வீட்டுக்கு வராமல் இருக்க மாட்டார்.