ஏட்டையாவின் இளநீர்

போன ஞாயிற்றுக்கிழமை ஓர் இளநீர் என் வாயை அடைத்துவிட்டது.

என் மச்சான் — மனைவியின் அண்ணன் — ரிட்டயர்டு ஏட்டு. ஸ்ரீவில்லிபுத்தூரில் வீடு. மூன்று மாதத்துக்கு முன் ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவருக்கு வலது கை அப்படியே தொங்கிவிட்டது. ஸ்ட்ரோக். உடனே கார் பிடித்து மதுரைக்கு ஓடினோம். நேரத்துக்குள் போய்ச் சேர்ந்ததால், ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியைப் போட்டார்கள்.

அதே நாள், அதே ஊசி, பக்கத்துக் கட்டிலில் இருந்த வத்திராயிருப்பு தோப்புக்காரர் ஒருவருக்கும் போட்டார்கள். அவர் மூன்றாவது வாரமே எழுந்து, தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சப் போய்விட்டார். மச்சானுக்கோ டம்ளரைப் பிடிக்கக்கூடக் கை எழவில்லை.

நான் சும்மா இருப்பேனா? தன்னம்பிக்கை பற்றி இந்தப் பத்தியில் எத்தனை வாரம் உங்களை அறுத்திருக்கிறேன்... ஞாயிறுதோறும் ராஜபாளையத்தில் பஸ் ஏறிப் போய், அதையே மச்சானிடமும் அவிழ்த்துவிடுவேன்.

"அந்த மனுசனுக்கும் இதே வியாதிதான மச்சான்? அவரு எந்திரிச்சிட்டாரு. நீங்கதான் மனசு வைக்க மாட்டேங்கிய."

அவர் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொள்வார்.

போன ஞாயிறு நான் போனபோது தோப்புக்காரரே வந்திருந்தார். ஒரு குலை இளநீரோடு. நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு போகிற வழக்கம் நம் பக்கம் ஏது? ஒன்றைச் சீவி நீட்டினார்.

"நம்ம தோப்புக் காயி ஏட்டையா. குடிங்க, தெம்பு வந்துரும்."

மச்சானின் வலது கை... மடியிலிருந்து மெல்ல எழுந்தது. இரண்டு அங்குலம் இருக்கும். மூன்று மாதத்தில் முதல் முறை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அதற்குள் மச்சானின் மனைவி ஓடிவந்து இளநீரை வாங்கிக்கொண்டார்.

"அவியளுக்கு இது ஆகாதுண்ணே. அஞ்சு வருசமா கிட்னி சரியில்ல. இளநியில பொட்டாசியம் சாஸ்தியாம். வெளியேறாம தங்குனா இதயத்துக்கே ஆபத்துன்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"கிட்னி கெட்டவியளுக்கு, ஊசி போட்டாலும் தேற நாளாகுமாம் தம்பி. செத்த நேரம் பயிற்சி செஞ்சாலே களைச்சுப் போறாவ. மனசு வைக்காம இல்ல. நீங்க வந்துட்டுப் போற அன்னைக்கு ராத்திரி சாப்பிடவே மாட்டேங்காவ."

கிட்னி விஷயம் எனக்கும் தெரிந்ததுதான். கைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று இருந்துவிட்டேன். ஒருவருக்கு ஒரு நோய், இன்னொருவருக்கு இரண்டு... இருவரையும் ஒரே கோட்டில் நிறுத்தி ஓடச் சொன்னவன் நான். மனசு என்ன, சிறுநீரகத்தின் வேலையையும் சேர்த்தா பார்க்கும்?

"தப்புத்தான் மச்சான்" என்றேன்.

"விடுங்க மாப்ளே" என்றார், ஒவ்வொரு வார்த்தையாக. "எனக்கே... நான்தான் சோம்பேறியாயிட்டேனோன்னு... தோணுச்சு."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

இப்போது மச்சான் முன்னால் மேஜையில் தினமும் ஓர் இளநீர் இருக்கிறது. கையைத் தூக்கி அதைத் தொட வேண்டும், எத்தனை நாள் ஆனாலும் சரி. நேற்று இரண்டு விரல் பட்டதாம். மச்சானின் மனைவி போனில் சொன்னார்.

தொடுவது அவர் வேலை. ஞாயிற்றுக்கிழமை போய்க் குடிப்பது மட்டும்தான் என் வேலை — வாய் பேசாமல்.