‘பாடு’ என்று ஒரு வட்டம்

பழைய பாட்டு கேட்க ஃபோனில் இரண்டு ரேடியோவுக்குச் சந்தா கட்டியிருக்கிறேன்.

முதல் ரேடியோவின் வெப்சைட்டில் எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி இருக்கும். ஆனால் திறந்ததும் தானாகப் பாடும். இரண்டாவது, என் ஓரகத்தி செல்வி சேர்த்துவிட்டது. பெரிய எழுத்து, எல்லாம் தமிழ், நடுவில் ‘பாடு’ என்று ஒரு வட்டம். பாட்டு மட்டும் வரவில்லை.

மூன்று நாள் பொறுத்தேன். நேற்று மீன் ஏலத்தில் அத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டேன். “செல்வி, உன் ரேடியோவும் உன்ன மாதிரிதாண்டி. மேல மினுக்கு, உள்ள ஒண்ணுமில்ல.”

எல்லாரும் சிரித்தார்கள். அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

இன்று காலை வீட்டுக்கு வந்து, என் ஃபோனை வாங்கி அந்த வட்டத்தை அமுக்கினாள். பாடியது.

“இன்னாக்கா, இத அமுக்கவே இல்லியா?”

“பாடுனு போட்டிருந்துச்சு. நம்ம மொற வரட்டும்னு காத்துகினு இருந்தேன்.”

எங்கள் ஏரியில் பாடு என்றால் வலை போடும் முறை. சீட்டுக் குலுக்கி நமக்கு விழுந்த நாளில்தான் வலையை இறக்கலாம். முந்திக்கொண்டால் ஊர் சும்மா விடாது.

“இது பாட்டு பாடுற பாடுக்கா” என்றாள். சிரிக்கவில்லை.

என் மகள் கல்யாணத்தில் செல்வி சொன்ன ஒரு வார்த்தையைப் பதினெட்டு வருஷமாக மனதில் வைத்திருக்கிறேன். நேற்று நான் சொன்னதை அவள் எத்தனை வருஷம் வைத்திருப்பாளோ என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை.

நாளை அதே ஏலத்தில், அதே கூட்டத்தின் முன்னால், தப்பு என்னுடையது என்று சொல்லப்போகிறேன். ஓரகத்தியிடம் மன்னிப்புக் கேட்டவர்கள் யாராவது இருந்தால், முதல் வார்த்தை என்னவென்று இங்கே எழுதுங்கள். எனக்குப் பழக்கமில்லை.