பட்டிமன்றத்தில் ஏறிய விண்கலம்

நெடுந்தூர விண்பயணத்துக்கு ஏற்ற இயந்திரம் எது என்று பட்டிமன்றம் வைக்கும் யோசனை எந்தப் புண்ணியவானுக்கு வந்ததோ தெரியாது. சிங்கப்பூரில் லிட்டில் இந்தியா பக்கம் ஒரு சமூக மன்றத்தில் நடந்தது. எரிபொருள் ராக்கெட் ஓர் அணி, அயனி இயந்திரம் ஓர் அணி, கப்பல் பாய்போல் விரிந்து சூரிய ஒளியில் ஓடும் பாய் ஓர் அணி. செயற்கைக்கோள்களுக்கு அயனி இயந்திரம் செய்வதுதான் என் பிழைப்பு என்பதால் என்னைப் பிடித்து இரண்டாம் அணியில் போட்டார்கள். நான் ஒப்புக்கொண்டது அம்மாவுக்காக. நான் என்ன வேலை பார்க்கிறேன் என்பது அவருக்கு அதுவரை புரிந்ததே இல்லை. யாராவது கேட்டால் "கம்ப்யூட்டர்ல ஏதோ செய்றா லா" என்பார். அன்றைக்காவது புரியட்டும் என்று முதல் வரிசையில் உட்காரவைத்தேன்.

நன்றாகத்தான் பேசினேன். எரிபொருள் ராக்கெட் சில நிமிடங்களில் எல்லாவற்றையும் எரித்துத் தீர்த்துவிட்டு, மீதித் தூரத்தைச் சும்மா மிதந்தே கடக்கும். அயனி இயந்திரம் உள்ளங்கையில் வைத்த காகிதத்தின் கனமளவுக்குத்தான் தள்ளும், ஆனால் மாதக்கணக்கில் நிறுத்தாமல் தள்ளி, கடைசியில் வேகத்தில் மிஞ்சிவிடும். பூமியை விட்டுக் கிளம்ப மட்டும் அதற்கு வக்கில்லை. அதையும் மறைக்காமல் சொன்னேன். ஒருவர் கொட்டாவி விட்டார்.

பிறகு நடுவர் எழுந்தார். சென்னையிலிருந்து வரவழைக்கப்பட்டவர். போர்த்திய பொன்னாடையைக் கழற்ற மனமில்லாமல் அதுவரை வியர்த்துக்கொண்டிருந்தவர்.

"எரிபொருள் ராக்கெட் மாமியாருங்க. பொசுக்குனு எரிஞ்சு அடங்கிடும். அயனி, மருமக. சத்தமே இல்லாம தள்ளிக்கிட்டே இருக்கும். பாய் இருக்கே, அது புருஷன். காத்தடிக்கிற பக்கம் போயிடும்!"

அரங்கம் குலுங்கியது. விண்வெளியில் ஏதய்யா காற்று? பாயைத் தள்ளுவது வெளிச்சம் என்று மூன்றாம் அணி தொண்டை கிழியக் கத்தியதே, அப்போது தூங்கினாரா? குடும்பத்தை நகர்த்துவது அன்பு என்று தீர்ப்பு வேறு. விண்கலம் எதில் போகும் என்பதைக் கடைசிவரை அவர் சொல்லவே இல்லை.

வீடு திரும்பும் வழியில், டோபி காட் நிலையத்தில் மார்சிலிங் போகும் ரயிலுக்கு மாறும்போது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இப்பதான்டி புரிஞ்சுச்சு. சத்தம் போடாம தள்ளிக்கிட்டே இருக்கணும், அதானே உன் வேலை? உங்க அப்பா வீட்ல நான் அதைத்தானே பண்ணேன். இதுக்கு யூனிவர்சிட்டி வேற போகணுமா?"

வருடக்கணக்கில் நான் சரியாகச் சொல்லியும் புரியாததை அந்த நடுவர் தப்பாகச் சொல்லிப் புரியவைத்துவிட்டார். அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.